நெஞ்சு நோ என்று நான் சொன்னேன்

என் வசந்தா மச்சாளுக்கு, இன்னும் உம்மோடு கதைத்துக்கொண்டே வேலை செய்கிற நான் எழுதுவது.

வெள்ளிக்கிழமை உம்முடைய ஆண்டுத் திவசம். அதையொட்டி நாங்கள் பெண்கள் சேர்ந்து ஒரு சிறிய நினைவு மலர் அச்சிடுகிறோம். உமக்கு அஞ்சலி எழுத வேண்டியது நான்தான் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அனலைதீவுப் பள்ளிக்கூடத்தில் உம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள், உம்முடைய அண்ணையைக் கட்டினவள், வேறு யார் எழுதுவது என்று கேட்டார்கள். என்னால் மறுக்க முடியவில்லை.

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். "அமைதியின் வடிவம், அதிர்ந்து பேசாதவர்" என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. நீரா அமைதி? மீன் வாங்கப் போனால் தராசைக் கையால் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவீர். உம்முடைய வாய்க்குப் பயந்து ஒருவரும் உமக்குப் பழைய மீன் விற்றதில்லை. அப்படிப்பட்ட வாய் கடைசி எட்டு மாதம் ஏன் அடங்கிப் போனது என்பதைத்தான் நான் எழுத வேண்டும். மற்றதெல்லாம் பொய்.

நீர் ஒன்றும் சொல்லாமலே செத்துப் போனீர் என்று ஊர் சொல்கிறது. அது சரியில்லை. ஒரு தரம் சொன்னீர். என்னிடம்தான் சொன்னீர்.

கோயில் கொடியேறி எட்டாம் நாள். அன்னதான மடத்தில் நீர் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தீர். நான் சோற்றுப் பானையடியில் நின்றேன். தண்ணீர் எடுக்க நீர் எழும்பியபோது பரமேஸ்வரி அக்கா என் கையைக் கிள்ளி, கண்ணால் காட்டினா. நீர் கூலிக்குப் போகிற புகையிலைத் தோட்டத்துச் சொந்தக்காரி, எங்கள் எல்லோருக்கும் மூத்தவ, அவ சொன்னால் ஆர் மறுப்பது? உம்முடைய சேலையின் பின்பக்கம் நனைந்து கறுத்துக் கிடந்தது. உம்மட மச்சாளெல்லே, நீரே சொல்லும் என்று என்னை அனுப்பினா.

நான் வந்து உம்முடைய காதுக்குள் சொன்னேன். "வீட்டை போம் வசந்தா. உப்பிடி வந்து நிண்டு என்னையும் தலைகுனிய வைக்காதையும்."

நீர் பின்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தீர். முகம் வெளிறிப் போனது. "நாள் இல்லை மச்சாள். போன கிழமைதான் நிண்டது. திரும்பவும் ஏன் வருதெண்டு தெரியேல்லை."

அதுதான் நீர் சொன்னது. ஒரு டாக்டருக்கு அந்த ஒரு வசனம் போதும். ஒரு மனிசிக்குக்கூடப் போதும். நான் சொன்ன பதில் என்ன தெரியுமோ? நாள் பார்த்தெல்லோ வந்திருக்க வேணும் என்றேன். நீர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் பின்னால் மூடிக்கொண்டு, பின்கதவால் போனீர். நீர் வெட்டின பூசணிக்காய் முழுவதையும் மாட்டுக்குக் கொட்டினார்கள். அது இருந்த ஓலைக் கடகத்தைத் தூக்கிக் கொடுத்தது நான்.

அதற்குப் பிறகு நீர் கோயிலுக்கும் வரவில்லை, கலியாண வீடுகளுக்கும் வரவில்லை. தோட்டத்துக்கு மட்டும் போனீர். மாதத் துடக்கோடு புகையிலைக் கன்றுக்குக் கிட்டப் போனால் கன்று கருகும் என்பது இங்கே எழுதாத சட்டம். மாதத்தில் நாலு நாள் என்றால் வேலைக்குப் போகாமல் நிற்கலாம். இருபது நாள் என்றால் என்ன செய்வது? உம்முடைய மகள் துளசியின் தகப்பன் கட்டாரில் இருந்து அனுப்புவது ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. ஆகவே நீர் மறைத்தீர். இரண்டு பாவாடை, அதற்குள் பழைய சேலைத் துணி, மேலே கறுப்புச் சேலை. தண்ணி இறைத்து, களை பிடுங்கி, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு வந்து கழுவினீர்.

துளசிக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை உமக்குத் தண்ணி அள்ளித் தந்திருக்கிறாள். மாமிக்குச் சொல்லாதை என்று நீர் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தீராம். அந்த மாமி நான்தான். உமக்கு என்னிடம் அவ்வளவு பயமோ மச்சாள்?

எனக்குக் கண் இருக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நீர் பச்சை அரிசியை அள்ளி அள்ளிச் சப்புவதைக் கண்டேன். எலி மாதிரிக் கொறிக்கிறீர் என்று பகிடி பண்ணினேன். இறங்குதுறைப் படியில் நாலு படி ஏறிவிட்டு நின்று மூச்சு வாங்கினீர். வயசு போகுதெல்லோ என்றீர். எங்கள் இருவருக்கும் நாற்பத்தொன்று. உள்ளங்கை மெழுகு மாதிரி இருந்தது. எல்லாம் கண்டேன். ஒன்றையும் கேட்கவில்லை.

நீர் விழுந்த நாள் ஒரு வியாழக்கிழமை. துளசி பள்ளிக்கூடம் போய்விட்டாள். ஏதோ கேட்க வந்த நான் உம்மைக் கிணற்றடியில் கண்டேன். நீர் சுவரோடு சாய்ந்து இருந்தீர். கல் முழுவதும் இரத்தம். ஆட்டுக்கிடாய் வெட்டின இடம் மாதிரி என்று சொன்னால்தான் அது எவ்வளவு என்று தெரியும்.

இதைப் படிக்கிறவர்கள் நான் உடனே கத்தி ஆட்களைக் கூப்பிட்டேன் என்று நினைப்பார்கள். இல்லை. முதலில் நான் கிணற்றடியைக் கழுவினேன். ஐந்து வாளி தண்ணி அள்ளி ஊற்றினேன். பிறகு உமக்கு மூன்று துணி வைத்துக் கட்டி, கடும் நீல நிற ஹவுஸ்கோட்டைப் போட்டு, போர்வையால் சுற்றினேன். அதற்குப் பிறகுதான் றோட்டுக்கு ஓடினேன். ஆம்பிளையள் வந்து பார்க்கிற இடமெல்லோ என்ற நினைப்பு மட்டும்தான் எனக்கு.

உம்முடைய அண்ணையும் பக்கத்து வீட்டுக்காரரும் ஓடி வந்தார்கள். என்ன செய்யுது என்று கேட்டார்கள்.

"நெஞ்சு நோ" என்று நான் சொன்னேன்.

உமக்கு அப்போது நினைவு இருந்தது. என்னைப் பார்த்தீர். பிறகு அவர்களைப் பார்த்து, ஓம் என்று தலையை ஆட்டினீர். ஏன் ஆட்டினீர் மச்சாள்? உம்முடைய மானத்துக்காகவா, என்னைப் பொய்க்காரி ஆக்கக் கூடாது என்றா? இந்த ஒரு வருஷத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பதில் சொல்ல நீர் இல்லை.

தீவு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். உடனே அக்கரைக்குக் கொண்டுபோகச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். நான் சொன்னதைத்தான் அவர்கள் எழுத முடியும். நெஞ்சு நோ, மயக்கம். அந்தத் துண்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படகில் ஏறினேன்.

உம்முடைய தலை என் மடியில் இருந்தது. அண்ணை குடை பிடித்தார். கடல் அன்று ஆடவில்லை. பாதிக் கடலில் என் கை போர்வைக்குக் கீழே நனைந்தது. கையை எடுத்துப் போர்வையிலேயே துடைத்து, நனைந்த பக்கத்தை உள்ளே மடித்தேன். படகோட்டிக்கு எங்கள் பக்கம் முதுகு. அவர் கண்டிருக்கவே மாட்டார். ஆனாலும் மடித்தேன்.

நீர் என்னைக் குனியச் சொல்லிக் கையைக் காட்டினீர். "கிணத்தடி கழுவினனீரோ?" என்று கேட்டீர். ஓம் என்றேன். "பிள்ளை வந்தால் பாத்துப் பயப்படுவாள்" என்றீர். அதற்குப் பிறகு நீர் என்னோடு கதைக்கவில்லை.

இதுவரை சொன்னதில் பெரும்பங்கு இப்போது ஊருக்குத் தெரியும். இனிச் சொல்லப் போவது அன்று ஆஸ்பத்திரியில் நின்றவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஊர்காவற்றுறையில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். துண்டைப் பார்த்துவிட்டு உமக்கு நெஞ்சில் வயர்கள் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒரு இளம் லேடி டாக்டர் உம்முடைய கண்மடலைக் கீழே இழுத்துப் பார்த்தா. நெற்றியைச் சுருக்கினா. என் பக்கம் திரும்பி, மாதப்போக்கு எப்படி, கூடப் போகிறதா என்று தெளிவாகக் கேட்டா. என்னிடம் உண்மையைப் பிடுங்கி எடுக்க வந்த கேள்வி அது. அண்ணை பக்கத்தில் நின்றார். வேறு இரண்டு ஆம்பிளையளும் நின்றார்கள்.

"ஒழுங்காத்தான் வாறது டாக்டர்" என்று சொன்னேன்.

அவ இரத்தம் சோதிக்க எழுதிவிட்டு மற்ற நோயாளியிடம் போனா. பிறகு கட்டிலை மாற்ற உம்மைப் புரட்டிய தாதிதான் கண்டா. ஓடிப் போய் டாக்டரைக் கூட்டி வந்தா. எல்லோரும் ஓடினார்கள். உம்மை யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஏற்றும்போது அந்தத் தாதி என் கையைப் பிடித்து, "ஏன் சொல்லேல்லை? நீங்களும் பொம்பிளைதானே" என்று கேட்டா. கோபமாகக் கேட்கவில்லை. அழுகிற மாதிரிக் கேட்டா.

வேலணை தாண்டும்போது உம்முடைய கை என் கைக்குள் கனத்தது. பண்ணைப் பாலத்துக்கு வருவதற்கு முன்பே நீர் போய்விட்டீர்.

என் பொய்யால் போன நேரம் அரை மணித்தியாலமா, முக்கால் மணித்தியாலமா? அந்த நேரம் இருந்திருந்தால் நீர் பிழைத்திருப்பீரா? கர்ப்பப்பையில் கட்டி, உடம்பில் இரத்தமே இல்லை, மாதக்கணக்கில் இப்படி இருந்திருக்கிறா என்று பிறகு ஒரு டாக்டர் விளங்கப்படுத்தினார். முதலே வந்திருந்தால் சுகப்படுத்துகிற வருத்தம் என்றார். அன்றைய அரை மணித்தியாலத்தைப் பற்றி அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

செத்தவீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் ஹாட், நெஞ்சு வருத்தம் என்று சொன்னோம். உண்மைக் காரணம் எழுதின சான்றிதழை உம்முடைய அண்ணை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். துளசியின் தகப்பன் வந்து அந்தியேட்டிக் கிரியை முடித்துவிட்டுத் திரும்பிப் போனார். பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் அவள் தன்னுடைய வர்ணப் பென்சில் பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்த நாள் நல்ல சட்டை இரண்டைக் கொடுத்தாள். சாப்பாடும் இறங்கவில்லை. குசினிக்குள் கூப்பிட்டு அடுப்படியில் இருத்தி, என்ன பிள்ளை என்று கேட்டேன்.

"எனக்கும் வந்திட்டுது மாமி. மூண்டு நாளாப் போகுது" என்றாள். பிறகு, மணி என்ன என்று கேட்பது மாதிரி, "நான் எப்ப சாவன்?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்க முதல் அவளே சொன்னாள். "அம்மாக்கு நெஞ்சு நோகேல்லை. எனக்குத் தெரியும்."

மச்சாள், அந்தப் பிள்ளை மூன்று நாள் தன்னுடைய சாவுக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டு என் வீட்டில் நடமாடியிருக்கிறாள். நான் அவளுக்கு மூன்று வேளையும் சோறு போட்டிருக்கிறேன்.

அவளைக் கட்டிப்பிடித்து, இது வேறு, அது வேறு என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. நான் பொய் சொல்கிற ஆள் என்று அவளுக்குத் தெரியும். குடும்பநல மாதுவைக் கூப்பிட்டுத்தான் நம்ப வைக்க வேண்டியிருந்தது.

பிள்ளை பெரிசானால் தண்ணி வார்ப்பது மாமியின் உரிமை. பாலும் அறுகம்புல்லும் வைத்து உம்முடைய மகளுக்கு நான்தான் தண்ணி வார்த்தேன். வீடு நிறையப் பெண்கள். தாய் இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே, நல்ல மனிசிக்கு ஹாட் வந்ததே என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். துளசி ஈரத்தலையோடு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்கு நிற்க ஏலவில்லை.

"ஹாட் இல்லை. மாதம் இருவது நாள் ரத்தம் போய்த்தான் செத்தவ. நான் கண்டனான், மறைச்சனான்" என்று சொன்னேன்.

நாலைந்து பேர் எழும்பிப் போனார்கள். சுப காரியத்தில் சொல்லுகிற கதையா என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. மிச்சப் பேர் இருந்தார்கள். ஒருத்தி தனக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கிப் பத்து வருஷம் என்றாள். இன்னொருத்தி பிள்ளை பெற்றதில் இருந்து ஒவ்வொரு மாதமும் சுருண்டு கிடப்பதாகச் சொன்னாள். பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஒரே கிணற்றில் தண்ணி அள்ளுகிறவர்கள். ஒருத்தியின் கதை மற்றவளுக்குத் தெரியாது.

பரமேஸ்வரி அக்கா கடைசியாக வாய் திறந்தா. அவவுக்கு மாதப்போக்கு நின்று ஆறு வருஷம். இப்போது ஆறு மாதமாகத் திரும்பவும் படுகிறதாம். கோயிலில் உம்மை எழுப்பி அனுப்பின பாவம் என்று நினைத்துச் சாமிக்கு நேர்ந்து வைத்திருக்கிறா. டாக்டரிடம் போகவில்லை.

அன்றிலிருந்துதான் நாங்கள் மாதம் ஒரு தரம் கூடுகிறோம். வாசிகசாலையைக் கேட்டோம், பேப்பர் வாசிக்கிற இடத்தில் உந்தக் கதையோ என்று தரவில்லை. பரமேஸ்வரி அக்கா தன்னுடைய தோட்டத்தில் புகையிலை காயவைக்கிற கொட்டிலைத் திறந்து விட்டா. எந்த நாள் என்றாலும் வாருங்கோ, கன்று கருகினால் கருகட்டும் என்றா. குடும்பநல மாது சைக்கிளில் வருகிறா. ஒருத்தியின் கண்மடலை மற்றவள் இழுத்துப் பார்க்கிறாள். எத்தனை நாள், எத்தனை துணி என்று வெட்கப்படாமல் கேட்கப் பழகுகிறோம். மாது தருகிற இரும்புச்சத்துக் குளிசையை விழுங்காமல் ஒளிக்கிறவளை விழுங்க வைக்கிறோம். யாராவது கிளினிக்குக்கு அக்கரை போனால் ஒருத்தி கூடப் போகிறாள், இன்னொருத்தி அவளுடைய வீட்டில் சமைக்கிறாள், தோட்டத்துக்குத் தண்ணி கட்டுகிறாள். எவளும் படகில் தனிய ஏறுவதில்லை.

இதைப் பெரிய வெற்றி என்று நினைத்துவிடாதையும். நாங்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் கடைக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவர்கள். இந்த வருஷம் எங்கள் கன்று ஒன்றும் கருகவில்லை என்று உமக்கு எழுத எனக்கு ஆசை. ஆனால் மழை பிழைத்ததில் பாதிக்குப் பாதி கருகிவிட்டது. ஊரில் சிலர் எங்களைத்தான் காட்டுகிறார்கள்.

பரமேஸ்வரி அக்காவை நாங்கள் கூட்டிக்கொண்டு போனோம். புற்றுநோய். பிந்திவிட்டது என்றும் சொல்லவில்லை, சுகம் வரும் என்றும் சொல்லவில்லை. மின்சாரம் பிடிக்கிற கதிர்ச் சிகிச்சைக்கு முறை வைத்துக் கூட்டிப் போகிறோம். போன கிழமை என்னுடைய முறை. படகில் என் தோளில் சாய்ந்து கொண்டு, "நான் கண்ணாலை காட்டினன், நீர் வாயாலை சொன்னீர். ரண்டு பேருக்கும்தான் பங்கு" என்றா. நான் ஓம் என்றேன். மறுத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

உம்முடைய அண்ணை நான் உண்மையைச் சொன்ன நாளில் இருந்து ஒரு மாதம் எனக்கு முகம் கொடுக்கவில்லை. செத்தவளின்ர மானத்தைச் சந்தையில் வைத்துவிட்டாய் என்றார். பிறகு ஒரு நாள் ஊர்காவற்றுறைக்குப் போய் வந்தவர், பேப்பரில் சுற்றின பார்சல் ஒன்றைத் துளசியின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே மாதத்துக்கு வைக்கிற பாட் நாலு பக்கற். கிணற்றடியில் நின்று முகம் கழுவினார், நெடுநேரம் கழுவினார்.

துளசி நன்றாகப் படிக்கிறாள். உம்முடைய வாய் அவளுக்கு வந்துவிட்டது. கூட்டத்துக்கு வந்து, பெரிய மனிசிகளிடம் எத்தனை நாள் என்று கேட்பவள் அவள்தான். என்னை மாமி என்று கூப்பிட்டு, என் பக்கத்துப் பாயில் படுக்கிறாள். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் கேட்டதும் நான் சொன்னதும் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் அந்தப் பாய் வெறுமையாகலாம். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் மூன்று தரமும் வேறு ஏதோ எழுதிக் கிழித்தேன்.

மலரில் வந்து அவள் இதைப் படிக்கக் கூடாது. நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. காலையில் அவளை இருத்தி, இந்தக் கடிதத்தைக் கையில் கொடுக்காமல், என் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்வேன். அவள் கேட்கிற எந்தக் கேள்விக்கும் பொய் சொல்ல மாட்டேன். என்னை ஏசினால் கேட்டுக்கொண்டு இருப்பேன். புளியங்கூடலில் இருக்கிற தகப்பன் வழி ஆட்களிடம் போகிறேன் என்றால், நானே உடுப்பு அடுக்கிக் கொடுத்து, படகேற்றி, கொண்டுபோய் விடுவேன்.

போனாலும் விடமாட்டேன் மச்சாள். மாதம் தவறாமல் கடல் கடந்து போய் அந்த வீட்டு வாசல் படலையில் நின்று கேட்பேன். இந்த மாதம் எப்படி இருந்தது பிள்ளை, எத்தனை நாள், நோவு இருந்ததா என்று கேட்பேன். அவள் கதவைச் சாத்தினாலும் அடுத்த மாதமும் வந்து கேட்பேன். உம்மிடம் ஒரு தரமும் கேட்காததை உம்முடைய மகளிடம் நான் சாகும் வரைக்கும் கேட்பேன்.

உம்முடைய அண்ணையின் மனைவி,
துளசியின் மாமி,
தவமலர்